பிதுருவின் அடிவாரத்தில் பதினெட்டுக் குழி

நுவரெலியாவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள கோல்ஃப் மைதானத்தை வெளியே நின்றுதான் பார்த்திருப்பார்கள். கிராண்ட் ஹோட்டல் வீதியில் நடக்கும்போது சைப்ரஸ் மரங்களுக்கு இடையே பச்சை தெரியும். கைபேசியில் இரண்டு படம். அதற்குப் பிறகு விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி, ஸ்ட்ரோபரி என்று நாள் ஓடிவிடும். உள்ளே போகலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அங்கத்தவர்களுக்கான தனியார் கிளப்தான் அது. ஆனாலும் முன்கூட்டியே சொல்லி, கட்டணம் கட்டி, காலர் வைத்த சட்டையோடு வந்து நின்றால் தற்காலிக அங்கத்தவர் என்று எழுதிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். கூட்டமாக வந்தால் வரவேற்பு இன்னும் பலமாக இருக்கும். அப்படியொரு கூட்டத்தோடு ஒரு பெப்ரவரி மாதம் நானும் போனேன், கோல்ஃப் மட்டையைத் தொட்டறியாத ஒரே ஆளாக.

கொழும்பிலிருந்து கிளம்பிய அந்தக் கூட்டத்தில் வங்கிக்காரர்கள், இரண்டு வைத்தியர்கள், கப்பல் கம்பனி ஆட்கள், ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் என்று எல்லா வகையும் இருந்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் கலந்த பஸ். பேச்சு முழுக்க ஆங்கிலம், கெட்ட வார்த்தை மட்டும் அவரவர் தாய்மொழியில். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு கோல்ஃப் உலகில் ‘சொசைட்டி’ என்று பெயர். சொந்தமாக மைதானம் கிடையாது. ஒரு செயலாளர், ஒரு கோப்பை, ஒரு வாட்ஸ்அப் குழு, அவ்வளவுதான் சொத்து. மாதத்துக்கொரு கிளப்புக்கு எழுதிக் கேட்டு, போய் ஆடிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வருவார்கள். பிரிட்டனில் தொடங்கிய பழக்கம் இது. அங்கே சனி ஞாயிறு அங்கத்தவர்களுக்கு, வாரநாள் வெளியாருக்கு என்று பல கிளப்புகளில் எழுதாத ஒப்பந்தம் உண்டு. அங்கத்தவர் சந்தாவை மட்டும் நம்பி இத்தனை ஏக்கர் புல்லை வெட்டிப் பராமரிக்க முடியாது என்பதுதான் இந்த விருந்தோம்பலின் கணக்கு.

அவிசாவளை, கித்துல்கல, ஹட்டன், தலவாக்கலை என்று பஸ் ஏறியது. ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்துக்காகப் பாலம் கட்டி உடைத்த ஆற்றைக் கித்துல்கலயில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தலவாக்கலைக்கு முன்னால் டெவன் அருவி, அதையடுத்து சென் கிளயர். அருவிகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. நானுஓயா தாண்டியதும் எல்லோருடைய பேச்சும் காற்றின் ஈரம், புல்லின் உயரம், மறுநாள் காலைப் பனி என்று மாறிவிட்டது. விவசாயிகளுக்கு அடுத்தபடியாக வானத்தை இவ்வளவு கவலையோடு பார்க்கிற ஆட்களை நான் கண்டதில்லை.

நுவரெலியா கோல்ஃப் கிளப் 1889இல் தொடங்கியது. கோர்டன் ஹைலண்டர்ஸ் என்ற ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் முதலில் இங்கே ஆட்டத்தைக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். இலங்கையில் இதற்கு மூத்தது கொழும்பு கிளப் ஒன்றுதான். 1879இல் காலிமுகத்திடலில் தொடங்கி, பிறகு பொரளைப் பக்கம் குடிபெயர்ந்த அந்த கிளப்பின் நடுவே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. ரயில் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

1889 என்ற ஆண்டு தற்செயலானதல்ல. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1885இல் ரயில் நானுஓயா வரை வந்து சேர்ந்தது. துரைமாரிடம் பணம் புழங்கியது, கொழும்பின் வெக்கையிலிருந்து தப்பி வர ரயிலும் இருந்தது. அடுத்த நான்காவது ஆண்டில் கோல்ஃப் வந்துவிட்டது. மலையில் ஓர் இங்கிலாந்தைக் கட்டிவிட வேண்டும் என்ற ஆசை அதற்கும் முந்தையது. 1848இல் சாமுவேல் பேக்கர் என்பவர் இங்கே குடியேற்றம் அமைக்கிறேன் என்று கப்பலில் பசு, வேட்டைநாய், குதிரை வண்டி, கொல்லன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்தார். வண்டியைக் குதிரைகளோடு மலைச்சரிவில் உருட்டிவிட்டான் அவருடைய குதிரைக்காரன். மிச்சத்தைக் கொண்டுவர அனுப்பிய யானையையும் ஓட்டு ஓட்டென்று ஓட்டிச் சாகடித்தான். பசு மலையேறும் வழியிலேயே செத்தது. பேக்கர் தன் புத்தகத்தில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவு நஷ்டத்துக்குப் பிறகும் அவர் திரும்பிப் போகவில்லை. உருளைக்கிழங்கு போட்டார்.

கோல்ஃப் பிறந்தது ஸ்கொட்லாந்தின் கடலோர மணல்மேடுகளில். அது உள்நாட்டுக்கு வந்தபோது பிரபுக்களின் மாளிகைப் பூங்காக்களில் இடம் பிடித்தது. வழித்த புல்வெளி, ஆங்காங்கே மரக்கூட்டம், வளைந்தோடும் ஓடை என்று இருக்கும் அந்த வகை மைதானத்தைத்தான் ‘பார்க்லேண்ட்’ என்கிறார்கள். நுவரெலியாவில் அந்தப் பூங்காவை மலைக்காட்டில் வெட்டி உண்டாக்கியிருக்கிறார்கள். இங்கே நிற்கிற சைப்ரஸ், பைன், யூகலிப்டஸ் எதுவும் இந்த மண்ணின் மரமல்ல. மேலே பிதுரு என்று சுருக்கிச் சொல்லும் பிதுருதலாகலை மலையின் காட்டில் சிவப்பாகப் பூக்கும் மலைமரங்களோடு ஒப்பிட்டால் இவை எல்லாமே குடியேறிகள். மைதானத்தின் நீளம் சுமார் 6,000 கஜம். இன்றைய கணக்கில் குட்டை மைதானம். ஆனால் மரவரிசைகளுக்கு நடுவே ஆட்டப்பாதை கொடிபோல ஒடுங்கிக் கிடக்கிறது. பலம் உள்ளவனை விட நேராக அடிப்பவன்தான் இங்கே பிழைப்பான் என்று துரை முதல்நாள் இரவே எச்சரித்தார்.

காலை ஆறரைக்கு கிளப் வாசலில் குளிர் காலணிக்குள் ஏறியது. தை, மாசியில் சில விடியல்களில் இங்கே புல்லின் மேல் உறைபனி படியும். மறுநாள் பத்திரிகைகளில் அந்தப் படம் வரும். அன்று உறைபனி இல்லை, வெள்ளைப் பனித்துளிதான். ஆறாயிரம் அடிக்கு மேல் காற்று மெலிந்திருப்பதால் பந்து நூறு கஜத்துக்கு ஆறேழு கஜம் கூடுதலாகப் போகும் என்று விளக்கினார் ஒரு வைத்தியர். குளிரில் பந்தும் மரத்துப்போகும், உடம்பும் மரத்துப்போகும், அதனால் அந்தக் கணக்கு மத்தியானத்துக்கு மேல்தான் சரிவரும் என்றார் துரை. இரண்டு பேருமே முதல் அடியை மரத்துக்குள் அனுப்பினார்கள்.

கிளப் கட்டிடத்துக்குள் மரப்பலகைச் சுவர்கள், பில்லியர்ட் மேசை, பழைய மெழுகின் வாசம். தலைவர்களின் பெயர் எழுதிய பலகைகளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு வந்தால் இந்த நாட்டின் வரலாறு தெரியும். பக்கத்திலேயே இருக்கும் ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகும் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் உள்நாட்டவரை அது அங்கத்தவராகச் சேர்க்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு கோட்டும் டையும் இல்லாமல் வருகிறவர்களுக்கு இரவல் கொடுப்பதற்கென்று அங்கே ஓர் அலமாரி வைத்திருந்தார்கள். கோல்ஃப் கிளப்பில் கெடுபிடி அவ்வளவு இல்லை. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையானதோடு வெள்ளைத் துரைமாரின் காலம் முடிந்தது. பிறகு இதுபோன்ற இடங்கள் பிழைத்திருக்க வேண்டுமானால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். எங்கள் செயலாளர் நீட்டிய காசோலையை அலுவலகத்தில் வாங்கிய மரியாதையைப் பார்த்தபோது அது தெளிவாகவே புரிந்தது. அதில் தப்பொன்றும் இல்லை. பிரபுத்தனத்தை விட வரவு செலவு நேர்மையானது.

ஆடாதவனுக்கும் நடக்க அனுமதி கிடைத்தது, ஒரு கெடியோடு போகவேண்டும் என்ற நிபந்தனையோடு. பையைத் தூக்கி வருகிறவரைத்தான் கெடி என்கிறார்கள். எனக்கு வாய்த்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கம்பளித் தொப்பி, பெரிய அளவு ஜாக்கெட், வெற்றிலைச் சிவப்பு. வங்கிக்காரர் ஒருவரின் பை அவர் தோளில். முதல் குழி முடியும்வரை என்னிடம் ஆங்கிலச் சொல்லாக நான்கைந்து பேசினார். நான் தமிழில் பதில் சொன்னதும் நின்று பார்த்தார்.

“அட, நம்மாளா சேர்? மொதல்லயே சொல்லப்படாதா?”

அதற்குப் பிறகு பதினேழு குழிகளும் எனக்கு வேறு மைதானமாகத் தெரிந்தன.

பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். அப்பா கவ்வாத்து வெட்டினார், அம்மா கொழுந்து பறித்தார். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு பந்து பொறுக்க இங்கே வந்துவிட்டார், தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போகவில்லை. “தோட்டத்துல பேரு பதிஞ்சா காலம் பூரா அங்கிட்டுத்தான் சேர். இங்கிட்டு மழை பேஞ்சா பட்டினி, ஆனா யாரும் சத்தம் போடமாட்டாங்க.” அவருடைய சித்தப்பா குடும்பம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போய், கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரை 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்களே, அந்தக் கணக்கில் ஒரே வீட்டில் இரண்டு அண்ணன் தம்பி இரண்டு நாட்டுக்காரர்களானார்கள். 1948இல் குடியுரிமை இழந்தவர்களின் வழிவந்தவர் இவர். மிச்சம் இருந்த நாடற்றவர்களுக்கு 2003இல்தான் சட்டம் முழுக் கதவைத் திறந்தது. இதையெல்லாம் அவர் வரலாறாகச் சொல்லவில்லை. நடக்கிற வாக்கில், எட்டாம் குழிக்கும் ஒன்பதாம் குழிக்கும் இடையில், “ஊட்டியிலயும் கோல்ஃப் இருக்காமே சேர்? சித்தப்பா மகன் சொல்றான்” என்று கேட்டதிலிருந்து வந்தது. ஊட்டியிலும் உண்டு, அதையும் வெள்ளைக்காரன்தான் போட்டான் என்றேன். “மலையக் கண்டா அவனுக்குக் கையி சும்மா இருக்காது போல” என்றார்.

பந்தைக் குழியில் தட்டும் வழவழப்பான வட்டத்தில்தான் கெடியின் அருமை தெரிகிறது. பார்த்தால் தரை வலப்பக்கம் சாய்வதாகக் கண் சொல்லும். அவர் இல்லை என்பார். “பிதுருவ முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு யோசிங்க சேர். தண்ணி எங்கிட்டு ஓடுதோ, பந்தும் அங்கிட்டுத்தான்.” மலையின் பெருஞ்சரிவு கண்ணை ஏமாற்றுகிறது. சுற்றிலும் எல்லாமே சாய்ந்திருந்தால் மட்டமான தரை மேடாகத் தெரியும், சாய்ந்த தரை மட்டமாகத் தெரியும். வங்கிக்காரர் தன் கண்ணை நம்பி அடித்த பந்தெல்லாம் விலகிப் போயிற்று. ஆறாம் குழிக்கு மேல் வாயை மூடிக்கொண்டு கெடி காட்டிய புல்நுனியைப் பார்த்து அடிக்கத் தொடங்கினார். அடுத்து மூன்று குழிகளில் தொடர்ந்து பந்து விழுந்தது. கைதட்டினோம். வங்கிக்காரர் தொப்பியை உயர்த்தினார். கெடி மட்டையை வாங்கித் துடைத்தார்.

தெற்காசியாவில் இந்த ஆட்டத்தின் உண்மையான திறமை நெடுங்காலம் பையைத் தூக்குகிற பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. 1991இல் இந்திய ஓபன் பட்டத்தை முதன்முதலில் வென்ற இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லி கிளப்பில் பை தூக்கியவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். 2016, 2017 இரண்டு ஆண்டும் வென்ற சௌரஸியா, கொல்கத்தா மைதானத்தில் புல் பராமரித்தவரின் மகன். இவர்களில் யாரும் அங்கத்தவர் படிவத்தை நிரப்பி உள்ளே வரவில்லை. இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிவரும் இலங்கைத் தமிழர் தங்கராஜாவைப் பற்றி எங்கள் கெடி பேசிய உரிமையைக் கேட்டால், சொந்தத் தம்பி என்றே நினைப்பீர்கள்.

மைதானத்தை ஒட்டிப் பழைய இடுகாடு ஒன்று இருக்கிறது. மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். பதுளையில் அரசாங்க அதிகாரியாக இருந்தவர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாக அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1845இல் ஹப்புத்தளைக் கணவாயில் மழைக்கு ஒதுங்கி நின்றவர், ஓய்ந்துவிட்டதா என்று வெளியே எட்டிப் பார்த்தபோது மின்னல் தாக்கிச் செத்தார். பிறகு சமாதிக்கும் இடி விழுந்து கல் வெடித்தது என்பது ஊர்க்கதை. எங்கள் கெடி அதைச் சொன்னபோது இடியின் எண்ணிக்கையும் கூடியது. “யானைப் பாவம் சேர். ஒரு தடவையில தீராது.” யானையின் சார்பில் பேசிய அந்த நியாயத்தை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மின்னலுக்கு யானைக் கணக்கெல்லாம் தெரியாது. திறந்த வெளியில் இரும்புக் கம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். இடிச் சத்தம் கேட்டவுடன் ஆட்டத்தை விட்டுக் கட்டிடத்துக்குள் போய்விடு என்பதுதான் உலகெங்கும் கோல்ஃப் கிளப்புகள் சொல்கிற பாடம். மலையில் சித்திரை, ஐப்பசி மாதங்களில் பிற்பகல் இடி ஏறக்குறைய அன்றாடம். காலையில் ஆடச் சொல்வது அதனால்தான்.

சொசைட்டிக்காரர்கள் ஆடியது ‘ஸ்டேபிள்ஃபோர்ட்’ முறை. அதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இத்தனை வேறுபட்ட ஆட்கள் எப்படி ஒன்றாக ஆட முடிகிறது என்பது விளங்காது. பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற வைத்தியர் 1932இல் இங்கிலாந்தின் வாலசி கிளப்பில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஓர் அளவு உண்டு. அந்த அளவில் முடித்தால் இரண்டு புள்ளி, ஓரடி கூடினால் ஒன்று, குறைந்தால் மூன்று. அளவை விட இரண்டு அடியோ அதற்கு மேலோ கூடினால் பூச்சியம், தண்டனை கிடையாது. பந்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். ஆட்டக்காரரின் தரத்துக்கேற்ப சலுகை அடிகளும் உண்டு. பழைய முறையில் ஒரே ஒரு குழியில் பன்னிரண்டு அடித்தால் அன்றைய நாளே நாசம். இதில் நாசம் அந்தக் குழியோடு சரி. கடைசியில் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது கப்பல் கம்பனியில் வேலை செய்யும், எங்களுள் ஆகக் கேவலமாக அடித்த இளைஞன். துரை எரிச்சலை மறைக்கவே இல்லை.

பகல் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சோறு, கறி, கரமல் புடிங். கெடிகள் பின்பக்கம் தனியாகச் சாப்பிட்டார்கள். இங்கே மட்டுமல்ல, நான் கண்ட கிளப்புகள் அத்தனையிலும் இதுதான் வழக்கம். வெளியூரிலிருந்து வருகிறவனை ஒரு நாளுக்கு அங்கத்தவனாக்க ஒரு ரசீது போதும். முப்பது வருடமாக இந்தப் புல்லை மிதிக்கிறவரை மேசைக்குக் கூப்பிட இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. கெடிக்கு மாதச் சம்பளமா என்று கேட்டேன். சிரித்தார். ஆட்டத்துக்கு இவ்வளவு, மேலே கையில் தருவது அவரவர் மனசு. 2020இல் தொற்றுநோய், 2021இல் உரத்தடை, 2022இல் எரிபொருள் வரிசை என்று மூன்று வருடம் யாருமே மலையேறவில்லை. அப்போது லீக்ஸ் தோட்டத்தில் கூலிக்குப் போனாராம். உரமில்லாமல் அந்த லீக்ஸும் விரல் தடிமனுக்கு மேல் வரவில்லையாம்.

போகிறவர்களுக்கு நாலு வார்த்தை. ஏப்ரலை விட்டுவிடுங்கள். புத்தாண்டுக் காலத்தில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொழும்பே மேலே வந்து நிற்கும், அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். ஜனவரி முதல் மார்ச் வரை வாரநாளில், எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்து, சில வாரங்களுக்கு முன்பே கிளப்புக்கு எழுதிக் கேளுங்கள். ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் வேண்டாம், தலைக்குக் கம்பளி வேண்டும். மட்டை வாடகைக்குக் கிடைக்குமா என்று எழுதும்போதே கேட்டுவிடுங்கள். ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நடக்க அனுமதி கேளுங்கள். எப்படியும் ஒரு கெடியை அமர்த்திக்கொள்ளுங்கள், அவரிடம் தமிழில் பேசுங்கள். அவருக்கான கூலி உங்கள் கூட்டத்தின் பில்லில் சேர்ந்திருக்கிறதா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். சேர்ந்திருந்தாலும் புறப்படும்முன் தனியாக அவர் கையிலும் கொடுங்கள்.